அயாக்கா கட்டுவது எப்படி: வெனிசுவேலாவின் கிறிஸ்துமஸ் பொட்டலம், இலை துடைப்பது முதல் கடைசி முடிச்சு வரை

எழுத்தில் முன்னால் ஒரு 'ஹ' இருக்கும், வாயில் வராது. அயாக்கா என்றுதான் சொல்ல வேண்டும். மக்காச்சோள மாவை வாழையிலையில் மெல்லிசாகப் பரப்பி, நடுவில் இறைச்சிக் குழம்பு வைத்து, ஆலிவும் உலர்திராட்சையும் அடுக்கி, மடித்து நூலால் கட்டி வேகவைப்பது. டிசம்பர் 24 இரவு வெனிசுவேலாக்காரர்கள் வீட்டு மேசையில் இது கட்டாயம் இருக்கும்.

தலைநகர் கரகஸில் இருந்த நாலு டிசம்பரிலும் மேல்மாடி சென்யோராவின் (வீட்டு அம்மாவின்) சமையலறையில் நான் இதைக் கட்டியிருக்கிறேன். பிறகு எங்களைப் போல வெளியூரிலிருந்து வந்தவர்கள் தாங்களே கட்டப் பார்த்து விழிப்பதையும் பார்த்தேன். யாரும் சமையல் தெரியாமல் தோற்கவில்லை. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்துதான் மாட்டிக்கொண்டார்கள். அதனால் இங்கே வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அளவுகள் 25 அயாக்காவுக்கு.

1. இரண்டு நாள், நாலு பேர்

ஒரே நாளில் முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் குழம்பு, இரண்டாம் நாள் மாவும் கட்டுவதும். நடுவில் ஓர் இரவு இருந்தே ஆக வேண்டும். குழம்பு முழுக்க ஆறிக் கெட்டியானால்தான் பொட்டலத்துக்குள் அடங்கி நிற்கும்.

முதல் வருஷம் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. வெதுவெதுப்பாக இருந்த குழம்பையே வைத்து மடித்தேன். கொழுப்பு உருகி மாவின் ஓரத்துக்கு ஓடியது, இலை வழுக்கியது, பானையில் பாதிப் பொட்டலம் வாய் திறந்துகொண்டது. 'அவசரமென்றால் நீ ஜனவரியில் கட்டு' என்றார் சென்யோரா.

ஆட்கள் நாலு பேராவது வேண்டும்: மாவு பரப்ப ஒருவர், குழம்பு வைக்க ஒருவர், அலங்காரம் அடுக்க ஒருவர், மடித்துக் கட்ட ஒருவர். தனியாகவும் செய்யலாம். ஆனால் பரப்பிய மாவு காய்ந்துகொண்டே இருக்கும், கட்டுபவர் கையும் எண்ணெயாகிவிடும். குழந்தைகள் இருந்தால் இலை துடைக்கவும் ஆலிவ் எண்ணவும் விடுங்கள். அங்கே எல்லாரும் இந்த வேலையில் தொடங்கித்தான் மற்றதைக் கற்கிறார்கள்.

2. வாங்க வேண்டியவை

மாவுக்கு: முன்பே வேகவைத்து உலர்த்தி அரைத்த மக்காச்சோள மாவு 1 கிலோ. வெனிசுவேலாவில் 'அரினா பான்' (எழுத்தில் Harina PAN) என்ற பெயரில் விற்பது இதுதான். நம் ஆட்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். ரொட்டி சுடும் பச்சை மக்காச்சோள மாவு பிசையும்போதே உதிரும். சூப்பில் கரைக்கும் வெள்ளைக் கார்ன்ஃப்ளார் பசையாகிவிடும். இரண்டுமே ஆகாது. பொட்டலத்தில் 'முன்வேகவைத்தது' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குழம்புக்கு: கோழி ஒன்று, ஒன்றரை கிலோ அளவில். பன்றி இறைச்சி முக்கால் கிலோ, மாட்டிறைச்சி முக்கால் கிலோ. வெங்காயம் அரை கிலோ, தக்காளி அரை கிலோ, சிவப்புக் குடைமிளகாய் 3, லீக் (தடித்த வெங்காயத்தாள் போலிருக்கும்) 2, பூண்டு ஒரு முழுத் தலை. அப்புறம் 'அஹீ துல்செ' பத்துப் பன்னிரண்டு. பார்க்கக் காரமான மிளகாய் போலிருக்கும், காரம் இருக்காது, மணம் மட்டும்தான். அது கிடைக்காத ஊரில் குடைமிளகாயைக் கூட்டிக்கொள்ளலாம், மணம் கொஞ்சம் குறையும். பச்சை மிளகாயை அதற்குப் பதிலாகப் போடாதீர்கள். அயாக்கா காரமான பண்டம் இல்லை. இனிப்புக்குப் 'பப்பெலோன்' 100 கிராம். அது நம் கரும்பு வெல்லமேதான், தைரியமாக அதையே துருவிப் போடுங்கள். இனிப்பு வைன் ஒரு டம்ளர்.

இதற்கு மேல் இலை 3 கிலோ, பருத்தி நூல் ஓர் உருண்டை, நிறத்துக்கு ஒனோத்தோ விதை அரைக் கோப்பை, பன்றிக் கொழுப்பு அல்லது எண்ணெய் அரை லிட்டர். அலங்காரச் சாமான்கள் 7-ஆம் பகுதியில்.

மாடு சாப்பிடாதவர்கள் கோழியும் பன்றியும் மட்டும் வைத்துச் செய்யலாம். சைவமாகக் கட்டுபவர்களும் உண்டு: கொண்டைக்கடலை, காளான், காய்கறிச் சாறு, எண்ணெய். காளான் தண்ணீர் விடும் என்பதால் குழம்பை இன்னும் கெட்டியாக இறக்க வேண்டும்.

3. இலையை முதல் நாளே முடித்துவிடுங்கள்

அங்கே டிசம்பரில் கடைகளிலும் தெருவோரத்திலும் அனலில் வாட்டிய இலையை மடித்துக் கட்டுக்கட்டாக விற்பார்கள். வாட்டிய இலை கரும்பச்சையாக, துணி போலத் துவண்டு மடியும். தோட்டத்தில் வெட்டிய பச்சை இலை என்றால் நீங்களே வாட்ட வேண்டும். இந்த ஒரு வேலையில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொட்டலச் சோறு கட்ட வாட்டுவது போலத்தான்: நடுநரம்பைச் சீவி எடுத்து, அடுப்பு அனலுக்கு மேலே மெதுவாக நகர்த்தினால் இலை பளபளத்து நிறம் மாறும். மாறிய நொடியே எடுத்துவிடுங்கள்.

பிறகு மூன்று அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் இலை 35 செ.மீ. சதுரம், ஓட்டை இல்லாதது. இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் சிறியது, சின்னக் கிழிசல் இருந்தால் பரவாயில்லை. மூன்றாவது 'ஃபாஹா', அதாவது இடுப்புப்பட்டை: பத்துப் பன்னிரண்டு செ.மீ. அகல நாடா. மூன்றையும் தனித்தனி அடுக்காக வையுங்கள். கலந்து வைத்தால் மறுநாள் எண்ணெய்க் கையோடு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒவ்வோர் இலையையும் ஈரத் துணியால் இருபுறமும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டாவது துடைப்பைச் சோம்பலில் விட்டுவிடுவார்கள். இலையில் ஈரம் இருந்தால் கொழுப்பு ஒட்டாது, பரப்பும் மாவு வழுக்கிக்கொண்டே போகும்.

4. கோழியும் சாறும்

முதல் நாள் அடுப்பில் முதலில் ஏறுவது கோழி. மூன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு வெங்காயம், லீக்கின் பச்சைப் பகுதி, உப்பு போட்டு, இறைச்சி எலும்பை விடும்வரை வேகவிடுங்கள். ஆறியதும் கையால் பிய்த்து வையுங்கள்.

சாறை வடிகட்டி, 2 லிட்டருக்குக் கொஞ்சம் மேலாக மாவுக்கென்று எடுத்துத் தனியாக மூடி வைத்துவிடுங்கள். மீதிதான் குழம்புக்கு. இதைச் செய்யாவிட்டால் சாறு முழுவதும் குழம்புக்குள் போய்விடும், மறுநாள் மாவை வெறும் தண்ணீரில் பிசைய வேண்டியிருக்கும். சாறில் பிசையாத மாவு சப்பென்று இருக்கும். உள்ளே எவ்வளவு நல்ல குழம்பு வைத்தாலும் அதை மறைக்க முடியாது.

5. கீசோ

குழம்பை அவர்கள் கீசோ என்பார்கள். நம் குழம்பை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், தொக்குப் பதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

பன்றியையும் மாட்டையும் ஒரு செ.மீ. சதுரமாகக் கத்தியால் நறுக்குங்கள். நேரம் போகிறதே என்று கைமா வாங்கிப் போட்டார் நண்பர் ஒருவர். இரண்டு முறை வேகும் பண்டம் இது. கைமா கூழாகிவிட்டது, மாவுக்கும் குழம்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

வெங்காயம், லீக், பூண்டு வதங்கியதும் பன்றி இறைச்சி. அது தன் கொழுப்பை விட்டுக்கொடுத்த பிறகு மாட்டிறைச்சி. இரண்டும் நிறம் மாறியதும் தக்காளி, குடைமிளகாய், அஹீ துல்செ, மீதிச் சாறு. சின்னத் தீயில் ஒன்றரை மணி நேரம். இறைச்சி மெத்தென்று ஆனதும் வெல்லம், வைன், ஒரு கைப்பிடி கேப்பர்ஸ் (ஊறுகாய் போட்ட சிறு பூமொட்டு). கோழி கடைசியில்தான். அது ஏற்கெனவே வெந்தது, முன்னாலேயே போட்டால் நாராகிவிடும்.

இறக்குவதற்குப் பத்து நிமிஷம் முன்பு, மூன்று நாலு ஸ்பூன் அதே முன்வேகவைத்த மாவைச் சாறில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு நின்று, மெதுவாக மூடினால் சரி. உடனே மூடினால் தண்ணீர் அதிகம், இன்னும் வற்ற விடுங்கள்.

உப்பை மறுநாள் காலை, குழம்பு ஆறியிருக்கும்போது இன்னொரு முறை பாருங்கள். சூட்டில் சரியாகத் தெரிந்தது ஆறியதும் மந்தமாகத் தெரியும். மாவும் அதில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். ஒரு சிட்டிகை தூக்கலாக இருப்பதே நல்லது.

இன்னொன்று. இணையத்தில் இரண்டு மூன்று செய்முறைகளைக் கலந்துவிடாதீர்கள். ஆண்டிஸ் மலைப் பக்கத்தில் இறைச்சியை வேகவைக்காமல் பச்சையாகவே மசாலா பிரட்டி, கொண்டைக்கடலையோடு வைத்துக் கட்டுவார்கள். அதைப் பானையில் மிக அதிக நேரம் வேகவிட வேண்டும். அந்தக் குழம்பை எடுத்துக்கொண்டு, கரகஸ் கணக்கில் 50 நிமிஷத்தில் இறக்கினால் உள்ளே பன்றி வேகாமல் இருக்கும். கிழக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் வட்டமாக வெட்டி வைப்பார்கள். எந்த ஊர் முறையை எடுத்தாலும் முழுதாக எடுங்கள்.

6. ஒனோத்தோ எண்ணெய்

ஒனோத்தோ என்பது அனாட்டோ என்றும் சொல்லப்படும் செந்நிற விதை. மாவின் மஞ்சள் நிறம் இதிலிருந்துதான் வருகிறது. கொழுப்பில் விதையைப் போட்டு மிகச் சின்னத் தீயில் ஐந்தாறு நிமிஷம் வைத்தால் கொழுப்பு ஆரஞ்சாகும். வடிகட்டி வையுங்கள். புகைய விட்டால் விதை கறுத்துக் கசக்கும். அப்படி ஆனால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதுதான். மஞ்சள் தூள் போட்டு ஒப்பேற்றலாமே என்று தோன்றும். நிறம் வரும், வாசனை வேறு எங்கோ போய்விடும்.

7. அலங்காரத் தட்டு: எண்ணி வையுங்கள்

'அதோர்னோ' என்று பெயர். அலங்காரம் என்று அர்த்தம், ஆனால் உள்ளே போய் மறைந்துவிடும் அலங்காரம். ஒரு பொட்டலத்துக்கு எங்கள் கணக்கு: பச்சை ஆலிவ் 2, உலர்திராட்சை 5, கேப்பர்ஸ் 3, தோல் உரித்த பாதாம் 1, சிவப்புக் குடைமிளகாய்க் கீற்று 2, வெங்காய வளையம் 1. வீட்டுக்கு வீடு இது மாறும்.

கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து, 25-ஆல் பெருக்கி எண்ணி வையுங்கள். எண்ணாமல் தொடங்கினால் முதல் பத்து அயாக்காவில் ஆலிவ் குவியும், கடைசி ஐந்தில் ஒன்றும் இருக்காது. அந்த ஐந்தில் ஒன்று விருந்தாளி தட்டுக்குப் போய்ச் சேரும், இது எப்படியோ நடந்துவிடுகிறது.

கொட்டையுள்ள ஆலிவ் வாங்கினால் சாப்பிடுபவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நூலையும் இப்போதே வெட்டிவிடலாம். ஒன்றரை மீட்டர் வீதம் 25 துண்டு.

8. மாவு பிசைதல்

இரண்டாம் நாள் காலை. இலை, குழம்பு, எண்ணெய், அலங்காரம், நூல் எல்லாம் மேசைக்கு வந்த பிறகுதான் மாவுப் பொட்டலத்தைத் திறக்க வேண்டும். பிசைந்த மாவு காத்திருக்காது.

வெதுவெதுப்பான சாறு 2 லிட்டரில் உப்புப் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிப் பிசையுங்கள். ஒனோத்தோ கொழுப்பில் பாதி, கால் லிட்டர், இதில் போகும். மீதி இலைக்குத் தடவ. கட்டி இல்லாமல் பத்து நிமிஷம் நன்றாகப் பிசைந்து, ஈரத் துணியால் மூடிப் பத்து நிமிஷம் விடுங்கள். இந்த நேரத்தில் மாவு இன்னும் தண்ணீர் குடிக்கும். அதற்கு முன் பார்த்துவிட்டு, தளர்வாக இருக்கிறதே என்று கூடுதலாக மாவு போடாதீர்கள்.

பதம் பார்க்க, எலுமிச்சை அளவு உருட்டி உள்ளங்கையில் அழுத்துங்கள். ஓரம் வெடித்தால் சாறு போதவில்லை. கையில் ஒட்டினால் சாறு அதிகம். சப்பாத்தி மாவைவிட நன்றாகவே தளர்வாக, விரல் வைத்த இடம் பள்ளமாக நிற்க வேண்டும். 120 கிராம் உருண்டைகளாகப் பிடித்து ஈரத் துணிக்குள் வையுங்கள். 26, 27 வரும்.

9. பரப்புவதும் நிரப்புவதும்

முதல் இலையை வழவழப்பான பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, நடுவில் ஒனோத்தோ கொழுப்பைத் தடவுங்கள். உருண்டையை வைத்து, விரல் நுனியால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். 20 செ.மீ. வட்டம், 3 மி.மீ. கனம். அடியில் இலையின் பச்சை லேசாக நிழலாடினால் கனம் சரி. சுற்றிலும் நாலு விரல் இலை சும்மா இருக்கட்டும், அது மடிக்க.

புதிதாகச் செய்பவர் மாவு கிழிந்துவிடுமோ என்று பயந்து தடிமனாக விடுவார். அதைச் சாப்பிடும்போது மாவுதான் வாய் நிறைய வரும். கிழிந்தால் ஒரு சிட்டிகை மாவு எடுத்து ஒட்டுப் போடலாம், ஒன்றும் ஆகாது.

நடுவில் மூன்று பெரிய ஸ்பூன் குழம்பு, அதற்கு மேல் அலங்காரம். நாலாவது ஸ்பூன் வேண்டாம். ஆசையில் வைத்தால் மடிக்கும்போது மாவின் இரண்டு ஓரமும் சந்திக்காது.

10. மடிப்பு, முடிச்சு

உங்கள் பக்க ஓரத்தையும் எதிர்ப்பக்க ஓரத்தையும் ஒன்றாகப் பிடித்து மேலே தூக்குங்கள். உள்ளே மாவின் இரு ஓரமும் ஒன்றோடொன்று ஒட்டும். வெளியிலிருந்தே இலையோடு சேர்த்து லேசாக அழுத்துங்கள், ஒட்டியது கைக்குத் தெரியும். பிடித்த இலை ஓரங்களைச் சேர்த்துக் கீழ்நோக்கி இரண்டு மடிப்பு மடித்துப் படுக்க வையுங்கள். பிறகு இடது வலது நுனிகளை உள்ளே மடக்குங்கள். இப்போது கையில் ஒரு செவ்வகப் பொட்டலம்.

அதை மடிப்பு கீழே போகும்படி இரண்டாவது இலையில் கவிழ்த்து, அந்த இலையின் நரம்பு முதல் இலையின் நரம்புக்குக் குறுக்காக ஓடும்படி சுற்றுங்கள். வாழையிலை நரம்போடுதான் கிழியும். குறுக்காக இருந்தால் ஒன்று கிழிந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஃபாஹாவை இடுப்பில் சுற்றுங்கள்.

நூல் நீளவாக்கில் இரண்டு சுற்று, அகலவாக்கில் மூன்று. கட்டம் கட்டமாக வரும். முடிச்சு உருவு முடிச்சாக, ஷூ லேஸ் போல. இறுக்கம் எவ்வளவு என்றால், நூல் இலையில் பதிய வேண்டும், இலையை வெட்டக் கூடாது. வேகும்போது மாவு கொஞ்சம் உப்பும், அதற்கு இடம் வேண்டும்.

திராட்சை வேண்டாம் என்பவர், பன்றி வேண்டாம் என்பவர் எந்த வீட்டிலும் இருப்பார். அவர்களுடையதற்கு வேறு நிற நூல் கட்டுங்கள். வெந்த பிறகு எல்லாப் பொட்டலமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

11. வேகவைத்தல்

பெரிய பானையில் உப்புப் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் பொட்டலங்கள் இறங்க வேண்டும். கொதிக்காத தண்ணீரில் போட்டால் மாவு இறுகுவதற்கு முன் தண்ணீர் உள்ளே கசியும். ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். மிதந்து வரும், அதனால் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அழுத்துங்கள். 50 நிமிஷம், பாதியில் ஒரு முறை புரட்டி விடுங்கள்.

எடுத்ததும் படுக்க வைக்காதீர்கள். தட்டில் ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து நிற்க வைத்தால் மடிப்பில் நின்ற தண்ணீர் வடிந்துவிடும். படுக்க வைத்த அயாக்காவின் அடிப்பக்கம் மறுநாள் கொழகொழவென்று இருக்கும்.

முதல் பானையில் வந்த ஒன்றை உடனே பிரித்துப் பாருங்கள். மாவு இலையை விட்டு உரிந்து வந்தால் சரி. ஒட்டினால் மீதி இலைகளுக்குக் கொழுப்பை இன்னும் தாராளமாகத் தடவ வேண்டும். இன்னும் கட்டாதவை இருக்கும்போதே இது தெரிய வேண்டும், அதற்காகத்தான் இந்தச் சோதனை. பசியும் ஒரு காரணம்தான்.

12. மிச்சம்

மாவும் குழம்பும் சரியாக ஒன்றாக முடிந்து நான் பார்த்ததில்லை. இரண்டையும் சேர்த்துப் பிசைந்து, நீள உருண்டையாகப் பிடித்து, மீந்த இலைத் துண்டில் சுருட்டிக் கட்டி வேகவையுங்கள். இதற்குப் 'போயோ' என்று பெயர். கட்டிய அன்றே காலிசெய்ய வேண்டியது இதுதான், அயாக்கா இல்லை.

13. எடுத்து வைப்பதும் சூடாக்குவதும்

முழுக்க ஆறிய பிறகே ஃப்ரிட்ஜ். சூட்டோடு வைத்தால் இலைக்குள் வியர்த்துப் புளிக்கும். ஃப்ரிட்ஜில் ஐந்தாறு நாள், ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம். அங்கே பலர் டிசம்பர் முதல் பாதியிலேயே கட்டி வைத்துவிடுவது இந்தத் தைரியத்தில்தான். பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும், அவர்கள் கட்டியதை வாங்கிக்கொள்வதும் மாதம் முழுக்க நடக்கும். யாருடையது நன்றாக இருக்கிறது என்ற பேச்சில் மட்டும் தலையிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் அம்மா கட்டியதுதான் ஒசத்தி.

சூடாக்க, இலையோடும் நூலோடும் அப்படியே கொதிக்கும் தண்ணீரில் 20 நிமிஷம். உறைந்தது என்றால் 40.

தட்டில் வைத்து, முடிச்சை உருவி, இலையை நாலு பக்கமும் விரித்துவிட்டு அதன் மேலேயே சாப்பிடலாம். பக்கத்தில் பன்றித் தொடை ரோஸ்ட்டும், ஹாமும் ஆலிவும் திராட்சையும் வைத்துச் சுருட்டிய பான் தே ஹமோன் ரொட்டியும், மயோனிஸ் போட்ட கோழி சாலடும் இருக்கும். இலையைச் சாப்பிடக் கூடாது என்று சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். நம்மிடம் வேண்டாம். ஆனால் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஓர் ஐரோப்பியர் இரண்டு வாய் மென்ற பிறகுதான் நிறுத்தினார். நூல் எதற்கு என்று அப்போதும் அவருக்குப் புரியவில்லை.